பசுலா என்ற வீட்டுப் பேர்

ஆம்பூரில் ஷூ கம்பெனி வாசலில், ஷிஃப்ட் விட்டுக் கூட்டம் வெளியே வந்துகொண்டிருந்த நேரத்தில், சீனிவாசன் இரும்புக் குழாயால் ஜெயப்பிரகாஷின் வலது கையை உடைத்தான். முதல் அடி தோளில் விழுந்தது. அடுத்த அடிக்குப் பையன் கையைக் குறுக்கே கொடுத்தான். எலும்பு முறிந்த சத்தம் பஸ்ஸுக்கு நின்ற பெண்கள் வரைக்கும் கேட்டது. கீழே விழுந்தவனின் வயிற்றில் செருப்புக் காலால் மிதித்தான், மூச்சு வாங்கிக்கொண்டு நின்றான், மறுபடி மிதித்தான். வாசலில் இருந்த செக்யூரிட்டி விசில் ஊதினார். அவரைக் குறை சொல்ல முடியாது, கம்பெனி அவருக்குக் கொடுத்திருந்தது விசில் மட்டும்தான்.

"தங்கச்சியைக் கட்டிக்கினியேடா நாயே! தங்கச்சியை!"

தடுக்க ஓடி வந்த இரண்டு பேர் அதைக் கேட்டதும் நின்றுவிட்டார்கள். தங்கச்சி என்று சொன்னால் அடிப்பவன் பக்கம் ஏதோ நியாயம் இருக்கும் என்று நினைக்கிற ஊர்தானே நம்முடையது.

ஜெயப்பிரகாஷ் கட்டிக்கொண்ட தமிழினி அவனுக்குத் தங்கச்சி இல்லை. கம்பெனியில் அவள் தையல் பிரிவு, அவன் கட்டிங் மெஷின். அதற்கு முன் ஒருவரை ஒருவர் பார்த்ததுகூட இல்லை. அவர்கள் செய்த குற்றம் இரண்டு பேருக்கும் வீட்டுப் பேர் ஒன்றாக இருந்ததுதான். ஆந்திர மலைக்கு மேலிருந்து இறங்கி வந்து இந்தப் பக்கம் தங்கிவிட்ட தெலுங்குக் குடும்பங்களுக்கு ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பேர் உண்டு. தெலுங்கு இப்போது சண்டைக்கும் சாமிக்கும் மட்டும்தான் வாயில் வருகிறது, மற்றதெல்லாம் தமிழ். ஆனால் வீட்டுப் பேர் மட்டும் போகவில்லை. ஒரே வீட்டுப் பேர் என்றால் ஒரே ரத்தம், பங்காளிகள். அந்த வீடுகளின் பிள்ளைகள் எந்த ஊரில் பிறந்திருந்தாலும் அண்ணன் தங்கச்சி.

இவர்களுடைய வீட்டுப் பேர் பசுலா. மாட்டுக்காரர்கள் என்று அர்த்தம்.

செய்தி ஜெயம்மாளுக்குப் பேரணாம்பட்டு டேனரியில் வந்து சேர்ந்தது. தமிழினியின் அம்மா அவள். காய்ந்த தோலின் ஓரத்துப் பிசிறைக் கத்தியால் சீவி எடுக்கிற ட்ரிம்மிங் வேலையில் இருந்தாள். பக்கத்து மேஜையில் வேலை செய்யும் ஹலீமா பீதான் போனை எடுத்துக் கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"மாப்ளையைப் போட்டு அடிச்சிட்டானாம், ஜெயம்மா. உன் கொழுந்தன். உசுரு இருக்குது."

'உசுரு இருக்குது' என்பதை நல்ல செய்தியாகக் கேட்டுக்கொள்ளும் நிலைக்கு ஜெயம்மாள் எப்போதோ வந்துவிட்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்தாள். மறுபடி எடுத்துத் தோலைச் சீவினாள், ஏனென்றால் சூப்பர்வைசர் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜெயம்மாள் நெமிலிப் பக்கத்துப் பெண். நெல் வயலில் வளர்ந்தவள். கல்யாணமாகிப் பேரணாம்பட்டு மலையடிவாரத்துக்கு வந்தபோது டேனரி நாற்றத்தில் ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. புருஷன் முனிரத்தினம் நல்ல மனுஷன், அதிர்ந்து பேச மாட்டான். தோல் ஊற வைக்கும் பெரிய மர டிரம்முக்குள் இறங்கித் தோலை வாரிக்கொண்டிருந்தபோது யாரோ தெரியாமல் சுவிட்சைப் போட்டுவிட்டார்கள். டிரம் சுற்றியது. நிறுத்தி வெளியே எடுத்தபோது உடம்பில் உடையாத எலும்பு இல்லை. முகத்தைப் பார்க்க வேண்டாம் என்று துணியால் மூடிக் கொடுத்தார்கள். அவள் துணியை விலக்கிப் பார்த்தாள். பார்க்காமல் இருந்திருக்கலாம் என்று இன்றுவரை நினைக்கிறாள்.

அதற்குப் பிறகு வீட்டுக்கு ஆம்பளை என்று வந்து உட்கார்ந்தவன் முனிரத்தினத்தின் தம்பி சீனிவாசன். பச்சைத் தோல் வியாபாரம் அவனுக்கு. கசாப்புக் கொட்டகைகளில் தோல் எடுத்து, உப்புப் போட்டு, தன் மினி லாரியில் டேனரிகளுக்கு ஏற்றுவான். லாரியின் முன் கண்ணாடியில் சிவப்பு எழுத்தில் 'பசுலா' என்று எழுதியிருந்தான். குடித்தால் அடிப்பான், குடிக்காவிட்டாலும் அடிப்பான். தன் மனைவியை அடித்துக் கை சலித்துப் போகிற நாளில் அண்ணிக்கும் விழும். மறுநாள் டேனரியில் கேட்டால் கத்தி வழுக்கிவிட்டது என்பாள் ஜெயம்மாள். ஹலீமா பீ மஞ்சள் வைத்துக் கட்டிவிடுவாள்.

ஜெயப்பிரகாஷ் பெண் கேட்டு வந்த அன்றுதான் இந்தக் கூத்து ஆரம்பித்தது. ஜோலார்பேட்டையிலிருந்து தன் அண்ணன் நவநீதனைக் கூட்டி வந்திருந்தான். நவநீதன் ரயில்வேயில் தண்டவாள வேலை. தோளைப் பார்த்தாலே தெரியும். சீனிவாசன் குறை கண்டுபிடிப்பதற்கென்றே கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். பையனுடைய வேலையில் குறை, ஊரில் குறை, நிறத்தில்கூடக் குறை. கடைசியாகக் கேட்டான்.

"உங்க வீட்டுப் பேரு இன்னா?"

"பசுலா," என்றான் நவநீதன்.

சீனிவாசன் எழுந்து நின்றுவிட்டான். "இன்னா சொன்னே? எந்த பசுலா?"

"ஜோலார்பேட்டை பசுலா. மாட்டோட மலையிறங்கி வந்தவங்க."

"அட எங்கப்பா!" என்று பாய்ந்து அவனைக் கட்டிக்கொண்டான். நவநீதனும் கட்டிக்கொண்டான். இரண்டு பேருக்கும் கண்ணில் தண்ணீர். நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய தாது வருஷத்துப் பஞ்சத்தில் மலைக்கு மேலிருந்து அண்ணன் தம்பி இரண்டு பேர் மாடுகளோடு புறப்பட்டு வந்து வழியில் பிரிந்து போனார்கள் என்ற கதை இரண்டு வீட்டிலும் இருந்தது. இவ்வளவு காலம் கழித்துப் பங்காளி கிடைத்துவிட்டான். சீனிவாசன் தன் கையாலேயே டீ எடுத்துக் கொடுத்தான்.

அந்தச் சந்தோஷம் டீ ஆறுவதற்குள் தீர்ந்துவிட்டது. டம்ளரைக் கீழே வைத்தவன் ஜெயப்பிரகாஷைப் பார்த்தான், கதவோரம் நின்ற தமிழினியைப் பார்த்தான். நவநீதனும் பார்த்தான். இரண்டு முகமும் ஒரே நேரத்தில் கறுத்தன.

"அப்படின்னா இதுங்க ரெண்டும் அண்ணன் தங்கச்சி," என்றான் சீனிவாசன்.

நவநீதன் திரும்பித் தன் தம்பியின் கன்னத்தில் அறைந்தான். டீ டம்ளர் உருண்டு ஓடியது. ரத்தம் ஒன்று என்று கட்டிப்பிடித்த கைதான், அதே ரத்தத்துக்காக உடனே அடிக்கவும் தயாராகிவிட்டது.

பிள்ளைகள் இரண்டு பேரும் கேட்கவில்லை. மறு வாரமே ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டு, பேரணாம்பட்டில் ஹலீமா பீ வீட்டு மாடி அறையில் குடியேறினார்கள். அந்த இடம் ஜெயம்மாளைத் தவிர யாருக்கும் தெரியாது. பையன் வேலைக்குப் போகத்தானே வேண்டும், கம்பெனி வாசலில் மாட்டிக்கொண்டான். கை உடைந்தவனை நவநீதன் ஆஸ்பத்திரியிலிருந்தே ஜோலார்பேட்டைக்குத் தூக்கிக்கொண்டு போய் வீட்டில் பூட்டி வைத்தான். ஜெயம்மாள் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள். குடும்ப விஷயம், பேசித் தீத்துக்குங்க என்று அனுப்பிவிட்டார்கள்.

பேசித் தீர்ப்பதற்கு சீனிவாசனே வழி வைத்திருந்தான்.

"ஞாயித்துக்கெழமை நம்ம மாந்தோப்புல உக்கார்றோம், அண்ணி. ரெண்டு வீட்டு ஆம்பளைங்களும் வர்றாங்க. நீ பொண்ணைக் கூட்டிக்கினு வா. தாலியைக் கழட்டிக் குடுத்துட்டா மேட்டர் முடிஞ்சுது."

"அடிக்க மாட்டியே, சீனு?"

"என் அண்ணன் பொண்ணு. நான் அடிப்பனா?"

அவன் அவ்வளவு மெதுவாகப் பேசி ஜெயம்மாள் கேட்டதே இல்லை. சனிக்கிழமை மத்தியானம் அவன் வீட்டுப் பக்கம் போனாள். அவன் கொல்லையில் குந்தி உட்கார்ந்து தோலுரிக்கும் கத்தியைக் கல்லில் தீட்டிக்கொண்டிருந்தான். நின்றிருந்த மினி லாரியில் தோல் இல்லை. தார்ப்பாய் இருந்தது, மண்வெட்டி இருந்தது, ஒரு மூட்டை உப்பு இருந்தது. லோடு இல்லாத நாளில் இதெல்லாம் எதற்கு என்று கேட்க வேண்டியதில்லை. மகளை எங்கே புதைக்கப் போகிறான் என்பது ஒன்றுதான் அவளுக்குத் தெரியாது.

அந்த நிமிடத்தில்தான் ஜெயம்மாள் வாயைத் திறப்பது என்று முடிவு செய்தாள். அவளுக்கு ஒன்று தெரியும். அதைச் சொன்னால் இந்தப் பிள்ளைகள் அண்ணன் தங்கச்சி இல்லை என்று ஆகிவிடும்.

வருஷா வருஷம் குலசாமிக்குப் படையல் போடும் நாளில், பசுலா வீட்டில் எல்லா இலையும் உள்ளே போட்டு முடித்த பிறகு, ஒரு இலை மட்டும் வெளியே, வேலிக்கு அந்தப் பக்கம் போடுவார்கள். அதில் கறிச்சோறு வைத்து, ஒரு பேரை மூன்று தடவை மெல்லக் கூப்பிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். அதை மூத்த மருமகள்தான் செய்ய வேண்டும். ஆண்களில் யாரும் அதைப் பற்றிக் கேட்பதில்லை. முதல் வருஷம் ஜெயம்மாள் இலையை எடுத்தபோது மாமியார் அவள் காதோடு சொன்னாள். யாருக்கு வைக்கிறோம் என்று தெரியாமல் வைத்தால் அவன் வாங்க மாட்டான் என்பதால் சொன்னாள்.

அவன் பேர் குருவப்பா. பசுலா வீட்டுச் சின்னவன். பஞ்சத்தில் மாடுகள் வழியெல்லாம் விழுந்து செத்தபோது, அண்ணன் பெண்டு பிள்ளைகளோடு ரயில் ஓடும் ஊரைப் பார்த்துப் போய்விட்டான். குருவப்பா மீதி மாடுகளை ஓட்டிக்கொண்டு, செத்த மாடுகளின் தோலை வண்டியில் ஏற்றி, பேரணாம்பட்டில் விற்கக் கொண்டு வந்தான். கூட ஒரு கூலியாள், ஓபண்ணா. விழுந்த மாட்டை உரிப்பது ஓபண்ணாவின் வேலை. பசியில் கை நடுங்குகிறவன் உரித்தால் கத்தி தோலில் எங்காவது பட்டு ஓட்டை விழத்தான் செய்யும். ஓட்டை விழுந்த தோல் பாதி விலைக்குக்கூடப் போகாது. ஒவ்வொரு ஓட்டைக்கும் குருவப்பா மாட்டுச் சாட்டையால் ஓபண்ணாவின் முதுகில் ஒரு கோடு போட்டான். தோலில் விழுந்த ஓட்டை முதுகிலும் விழட்டும் என்று சொல்லிச் சொல்லி அடித்தான். மலை இறங்குவதற்குள் ஓபண்ணாவின் முதுகில் உரிக்க மிச்சம் இல்லை.

கடைசி மாடு மலைப்பாதைத் திருப்பத்தில் விழுந்தது. ஓபண்ணா உரித்தான். கத்தி நழுவியது. குருவப்பா சாட்டையை எடுத்தான். ஓபண்ணா இந்த முறை முதுகைக் காட்டவில்லை. மாட்டு வயிற்றிலிருந்து எடுத்த கத்தியை அப்படியே குருவப்பாவின் வயிற்றில் ஏற்றினான். ஒரு தடவையோடு நிற்கவில்லை. எத்தனை கோடு வாங்கினானோ அத்தனையையும் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் நிறுத்தினான். உடம்பை உரித்த மாட்டோடு சேர்த்துப் பள்ளத்தில் உருட்டிவிட்டு, ரத்தத்தைத் தோலிலேயே துடைத்துக்கொண்டு வண்டியை ஓட்டி வந்தான். கீழே தோல் வாங்கிய வியாபாரி யாருடைய தோல் என்று கேட்டார். பசுலா என்றான். நீ யார் என்று கேட்டார். அதற்கும் பசுலா என்றான். அந்த வார்த்தையில் அவன் தங்கிவிட்டான், கல்யாணம் கட்டினான், பிள்ளைகள் பெற்றான். சீனிவாசன் அவனுடைய வம்சம். தமிழினி அவனுடைய வம்சம்.

ஆக, பேரணாம்பட்டு பசுலாக்கள் பசுலாக்களே இல்லை. கொலை செய்யப்பட்டவனின் பேரை எடுத்துக்கொண்டவனின் பிள்ளைகள்.

"சீனு, கத்தியைக் கீழ வை. ஒண்ணு சொல்றேன்," என்று ஆரம்பித்து ஜெயம்மாள் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடித்ததும் அவன் அழுவான், அல்லது நம்ப மாட்டான், இரண்டில் ஒன்று நடக்கும் என்று நினைத்திருந்தாள்.

சீனிவாசன் கத்தி முனையைக் கட்டைவிரலில் தடவிப் பார்த்தான்.

"தெரியும்," என்றான்.

"இன்னா?"

"அம்மா உங்கிட்ட சொன்னதை அண்ணன் கேட்டுக்கினு இருந்திருக்கான். ஒரு தபா குடிச்சிட்டு எங்கிட்ட சொல்லி அழுதான். உங்க பொம்பளை ரகசியம் எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?"

"தெரிஞ்சுமா அந்தப் பையன் கையை ஒடச்சே? அதுங்க அண்ணன் தங்கச்சி இல்லைன்னு தெரிஞ்சுமா?"

"அது வெளிய வரக் கூடாதுன்னுதான் ஒடச்சேன். அன்னிக்கு அவன் அண்ணனைக் கட்டிக்கினு அழுததும் அதுக்குத்தான்." எழுந்து அவள் கிட்டே வந்தான். "ஓபண்ணா யாரு? இன்னா ஜாதி? சொல்லு பாப்போம். செத்த மாட்டை உரிச்சவன். நாளைக்கு ஊர்ல கேப்பாங்க. எம்பொண்ணுக்கு எவன் வருவான்? கோயில்ல எனக்கு எவன் பரிவட்டம் கட்டுவான்? அந்த ரெண்டும் அண்ணன் தங்கச்சியாவே இருக்கட்டும். அண்ணன் தங்கச்சியாவே சாவட்டும்."

தோலில் சம்பாதிக்கலாம், தோல் லாரியில் பேர் எழுதிக்கொள்ளலாம், தோலுரித்தவனுக்கு மட்டும் பிறந்துவிடக் கூடாது. என்ன மானமோ இது! ஜெயம்மாள் அவன் முகத்தில் காறித் துப்பினாள். வாழ்க்கையில் முதல் தடவை. அவன் அவள் கூந்தலைப் பிடித்து லாரியின் பின்பலகையில் தலையை மோதினான். பல் ஒன்று ஆடியது. வாயெல்லாம் ரத்தம்.

"நாளைக்குப் பொண்ணோட வா. இல்லைன்னா நான் தேடிக் கண்டுபுடிப்பேன். அப்ப உனக்கு எலும்புகூடக் கெடைக்காது."

ஜெயம்மாள் நேராக ஹலீமா பீ வீட்டுக்குப் போனாள். வீங்கிய வாயைப் பார்த்து தமிழினி அலறினாள். நடந்ததை ஜெயம்மாள் சொல்லவில்லை.

"நாளைக்கு நான் தோப்புலருந்து திரும்பி வர்ற வரைக்கும் யாரு கூப்ட்டாலும் கீழ வராதே. நான் கூப்ட்டேன்னு சொன்னாலும் வராதே."

"அம்மா, நீ தனியாவா போறே? சித்தப்பா உன்னை அடிச்சே கொன்னுடுவாரும்மா."

"பொண்ணை நான் பாத்துக்கறேன்," என்றாள் ஹலீமா பீ. "என் கதவை ஒடச்சிக்கினு வந்தா அரைக்கிற கல்லைத் தூக்கி அவன் தலைமேல போடுவேன். அல்லா மன்னிப்பான்."

ஞாயிற்றுக்கிழமை மாந்தோப்பில் இரண்டு வரிசையாக பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். ஒரு பக்கம் சீனிவாசனும் ஊர் ஆண்களும். எதிர்ப்பக்கம் ஜோலார்பேட்டைக்காரர்கள். நடுவில் பையனின் அப்பா கன்னையன், ரயில்வேயில் தண்டவாளம் பார்க்கும் கேங்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். பக்கத்தில் நவநீதன். அவன் காலடியில் ஒரு சாக்குப் பை, அதற்குள் கொடுவாள் இருந்தது எல்லோருக்கும் தெரிந்தது. ஜெயப்பிரகாஷ் மாவுக்கட்டுக் கையோடு தரையில் உட்காரவைக்கப்பட்டிருந்தான். கன்றிப் போன முகம். அண்ணன்காரனும் தன் பங்குக்குப் போட்டிருந்தான் போலிருக்கிறது.

ஜெயம்மாள் தனியாக வந்ததைப் பார்த்ததும் சீனிவாசனின் தாடை இறுகியது. அவன் இடுப்பில் சட்டைக்குள் கத்தி மேடு தட்டியிருந்தது.

"பொண்ணு எங்கே?"

அவள் கன்னையனுக்கு எதிரே போய் நின்றாள். கன்னையன்தான் பேச்சை ஆரம்பித்தார். "நடந்தது நடந்து போச்சு. எங்க பையனை நாங்க கூட்டிக்கினு போய்டறோம். உங்க பொண்ணு உங்க பொறுப்பு."

அந்த 'உங்க பொறுப்பு' என்ன என்று அங்கே உட்கார்ந்திருந்த எல்லா ஆண்களுக்கும் தெரியும். தரையில் இருந்த ஜெயப்பிரகாஷ் மட்டும் "அவளை ஒண்ணும் பண்ணாதீங்கப்பா" என்றான். நவநீதன் காலால் அவன் முதுகில் உதைத்தான்.

"அண்ணா," என்றாள் ஜெயம்மாள் கன்னையனைப் பார்த்து. "ஒரு வார்த்தை. நாங்க பசுலா இல்ல."

"அண்ணி!" சீனிவாசன் எழுந்தான்.

"உக்காருப்பா, பேசட்டும்," என்றார் கன்னையன்.

ஆடுகிற பல் நாக்கில் இடிக்க இடிக்க, ஜெயம்மாள் சொன்னாள். மாடு விழுந்ததை, சாட்டையை, கத்தியை, பள்ளத்தை, வேலிக்கு வெளியே போடுகிற இலையை. தன் புருஷனின் வம்சம் யார் பேரைப் போட்டுக்கொண்டு வாழ்கிறது என்பதை. ஜோலார்பேட்டை ஆண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பொண்ணைக் காப்பாத்தறதுக்குக் கதை கட்றா," என்றான் சீனிவாசன். "புத்தி பேதலிச்சுப் போச்சு இவளுக்கு."

கன்னையன் அவனைப் பார்க்கவே இல்லை. "செத்தவன் பேரு இன்னாம்மா?"

"குருவப்பா."

கன்னையனின் கை நாற்காலிப் பிடியை இறுக்கியது. நவநீதன் "அப்பா" என்றான். வேறு யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பெரியவர் ஜெயம்மாளைப் பார்த்துச் சொன்னார்.

"அந்தப் பேரை நாங்க வெளிய சொல்றதே இல்ல. எங்க வீட்ல அது திட்டு. சொல்லாம ஓடிப் போறவனை, நன்றி கெட்டவனை, நீ இன்னா குருவப்பாவான்னு திட்டுவோம். மாட்டையும் தோலையும் வித்துட்டு ரயிலடிக்கு வந்து சேர்றேன்னு சொல்லிட்டுப் போனவன். அவனுக்காக அங்கேயே காத்துக்கினு இருந்தாங்க எங்க ஆளுங்க. இன்னிக்கு வருவான், நாளைக்கு வருவான்னு. காத்துக்கினு இருந்த எடத்துலயே மண்ணு சொமக்கிற வேலை பாத்தாங்க, பசியில கொழந்தைங்களைப் பொதைச்சாங்க. அதனாலதான்மா நாங்க ஜோலார்பேட்டைக்காரங்க. இல்லைன்னா எங்களுக்கும் அந்த ஊருக்கும் இன்னா இருக்குது?" அவர் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். "துரோகி துரோகின்னு திட்டினோமே. அவன் பள்ளத்துல கெடந்தானா?"

வேறு சாட்சி தேவைப்படவில்லை. பசுலா வீட்டுக்கு வெளியே யாருக்கும் தெரியாத பேர் அது, சொந்தப் பாட்டனாக இருந்தால் அவனுக்கு இலையை வேலிக்கு வெளியே போட்டிருக்க மாட்டார்கள். ஊர் ஆண்கள் மெதுவாகத் திரும்பி சீனிவாசனைப் பார்த்தார்கள். பக்கத்து நாற்காலிக்காரர் தன் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

அந்தக் கொஞ்சம் இடைவெளியைத்தான் சீனிவாசனால் தாங்க முடியவில்லை. சட்டைக்குள்ளிருந்து கத்தியை உருவிக்கொண்டு ஜெயம்மாள்மேல் பாய்ந்தான். முதல் வீச்சு கன்னத்தைக் கிழித்துக் காதுவரை போனது. அடுத்தது கழுத்துக்கு வந்தது. தோலோடும் கத்தியோடும் பழகிய கை அவளுடையது, யோசிக்காமல் எழுந்து கத்தியைப் பிடித்தது. பிடித்த கைக்குள் கத்தியை அவன் இழுத்தான். விரல்கள் தொங்கின. ரத்தம் அவள் புடவையில், அவன் சட்டையில், தரையில் உட்கார்ந்திருந்த ஜெயப்பிரகாஷின் மாவுக்கட்டில் தெறித்தது.

"சொல்லுவியா! சொல்லுவியா!" என்று மூன்றாவது முறை ஓங்கினான்.

ஊர் ஆண்கள் நாற்காலிகளைத் தள்ளிவிட்டு விலகி ஓடினார்கள். ஒற்றைக் கையோடு எழுந்தவன் ஜெயப்பிரகாஷ்தான். தலையைக் குனிந்து சீனிவாசனின் வயிற்றில் முட்டினான். இரண்டு பேரும் விழுந்தார்கள். சீனிவாசன் கத்தியைத் திருப்பிப் பையனின் விலாவைக் குறிவைத்தபோது நவநீதன் வந்து சேர்ந்தான். தண்டவாளம் தூக்குகிற கை. சீனிவாசனின் மணிக்கட்டைத் தன் முழங்காலில் வைத்து ஒடித்தான். கத்தி விழுந்தது. அதோடு விடவில்லை, முகத்தில் குத்தினான், மூக்கு உடைந்தது, மறுபடி குத்தினான். கடைசியில் சாக்குப் பையை உதறிக் கொடுவாளை எடுத்து ஓங்கினான்.

"போதும்டா!" என்று கன்னையன் கத்தினார். "இன்னொருத்தன் பள்ளத்துக்குப் போக வேணாம்!"

கொடுவாள் மேலேயே நின்றது. பிறகு நவநீதன் அதை மாமரத்தில் ஆத்திரம் தீர வெட்டினான், வெட்டி வெட்டிக் களைத்து மரத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

ஜெயம்மாளை நவநீதன் வந்த வேனிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். கன்னத்தில் தையல். கையில் ஆபரேஷன். இரண்டு விரல் இனி மடங்காது என்றார் டாக்டர். சீனிவாசன் மணிக்கட்டுக் கட்டோடு அதே ஆஸ்பத்திரியில் கீழ்த்தளத்தில் படுத்திருந்தான்.

மறுநாள் காலையில் கன்னையன் வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றார். தமிழினி அம்மாவின் நல்ல கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஜெயப்பிரகாஷ் சுவரோடு சாய்ந்து நின்றான்.

"அந்தப் பேரு எங்களுதும்மா," என்றார் பெரியவர். "எங்க சின்னவனைக் கொன்னு எடுத்தது. இனிமே உங்க வீட்ல யாரும் போட்டுக்கக் கூடாது. லாரில எழுதியிருக்கறதையும் அழிச்சிடணும்."

"எடுத்துக்குங்கண்ணா. எம்பொண்ணை மட்டும் விட்டுட்டு எல்லாத்தையும் எடுத்துக்குங்க."

"பொண்ணையும்தாம்மா கூட்டிக்கினு போறோம். எங்க வீட்டு மருமக." சொல்லும்போது அவர் குரலில் அன்பு முழுசாக வந்துவிடவில்லை. அவ்வளவு சீக்கிரம் வராது. ஆனால் சொன்ன சொல்லை மாற்றுகிறவர் மாதிரியும் தெரியவில்லை. ஜெயம்மாளுக்கு அது போதுமாக இருந்தது. தையல் போட்ட கன்னத்தில் கண்ணீர் இறங்கி எரிந்தது.

அவர் போன பிறகு சீனிவாசனின் மனைவி வந்தாள். சனிக்கிழமை வாங்கிய அடியில் அவள் கண்ணும் வீங்கியிருந்தது. கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"அக்கா, போலீஸ் மாடிக்கு வர்றாங்க. ட்ரிம்மிங் கத்தி வழுக்கிடுச்சுன்னு சொல்லிடுக்கா. உள்ள போய்ட்டார்னா எம்புள்ளைங்களை எப்படிக்கா காப்பாத்துவேன்? எப்பவும் சொல்றதுதானேக்கா. இந்த ஒரு தபா சொல்லிடுக்கா."

ஜெயம்மாள் அவளுடைய வீங்கிய கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள்மேல் கோபம் வரவில்லை. தானும் இப்படித்தான் இத்தனை வருஷம் யார் யாருக்காகவோ கத்தியை வழுக்கவைத்துக்கொண்டிருந்தோம் என்று நினைத்தபோதுதான் நெஞ்சு கொதித்தது.

லேடி இன்ஸ்பெக்டர் உள்ளே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கட்டுப் போட்ட கையைப் பார்த்தார், கன்னத்தைப் பார்த்தார்.

"டேனரில வேலையாம்மா உனக்கு? ட்ரிம்மிங்ல கத்தி வழுக்கிடுச்சுன்னு கீழ ஒருத்தர் சொன்னாரு. அப்படியா?"

சீனிவாசனின் மனைவி மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள்.

"வழுக்கல மேடம். சீனிவாசன் வெட்டினான், எங்கொழுந்தன். என்னை வெட்றதுக்குன்னு கொண்டாந்த கத்தி இல்ல அது, எம்பொண்ணை வெட்டிப் பொதைக்கறதுக்குத் தீட்டினது. தார்ப்பாய், மண்வெட்டி, உப்பு மூட்டை எல்லாம் அவன் லாரிலயே இருக்குது, போய்ப் பாருங்க. நான் அவளைக் கூட்டிக்கினு போயிருந்தா இன்னிக்கு நீங்க பேசறதுக்கு இந்த ரூம்ல யாரும் இருந்திருக்க மாட்டோம். எழுதிக்குங்க மேடம்."